மரம் வெள்ளையா, குளம் கறுப்பா: பழைய கமராவை ஐஆர் ஆக்கிறது பற்றி வாசகர் கேள்வி பதில்

போன இதழில இரணமடுக் குளக்கட்டில நிண்டு, ஐஆருக்கு, அதாவது கண்ணுக்குத் தெரியாத இன்பிராரெட் வெளிச்சத்தைப் பாக்கிறதுக்கு மாத்தின பழைய கமராவால எடுத்த ஒரு படம் போட்டிருந்தன், மரமெல்லாம் வெள்ளை, தண்ணி கறுப்பு, வானமும் மழைக்கு இருட்டின மாதிரி. அதைப் பாத்திட்டு கனபேர் எழுதியிருக்கிறீங்கள், அதால இந்தமுறை பக்கம் முழுக்க அதுக்குத்தான், ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்டாச் சேத்திருக்கிறன்.

அண்ணை, அந்தப் படம் பனி கொட்டின வெளிநாடு மாதிரிக் கிடக்கு. கொம்பியூட்டரில நிறம் மாத்தினதோ? (தரம் 10 மாணவன், பரந்தன்)

இல்லைத் தம்பி, இலையில பட்டுத் திரும்பி வந்த வெளிச்சம் உண்மையாவே அவ்வளவு கூட, எங்கட கண்ணுக்கு அது தெரியிறதில்லை, அதுதான் விசயம். கண் பாக்கிறது ஏறக்குறைய 400 நானோமீற்றரில இருந்து 700 வரைக்கும், சிவப்பு முடிஞ்சு அதுக்கு அங்கால இருக்கிறதுதான் இன்பிராரெட், உங்கட விஞ்ஞானப் புத்தகத்தில செந்நிறக்கீழ்க் கதிர் எண்டு இருக்கும். 1800இல வில்லியம் ஹேர்ஷல் அரியத்தால சூரிய வெளிச்சத்தைப் பிரிச்சு ஒவ்வொரு நிறத்திலயும் வெப்பமானி வைச்சுப் பாக்க, சிவப்புக்கு வெளியில ஒண்டுமே தெரியாத இடத்தில வைச்ச வெப்பமானி கூடக் காட்டினது. அப்பிடித்தான் இது பிடிபட்டது.

இலையில இருக்கிற பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிப்போடும், ஆனா 700ஐத் தாண்டின வெளிச்சத்தை அது தொடுறதே இல்லை, அந்த வெளிச்சம் இலைக்குள்ள போய் அங்க காத்து இடைவெளியோட கிடக்கிற கலங்களில பட்டுப் பட்டுச் சிதறி திரும்ப வெளியில வந்திடும், நல்ல இலையில வந்து விழுறதில பாதிக்குக் கிட்ட அப்பிடித் திரும்பும். அதால மரம் வெள்ளை. தண்ணி அதை விழுங்கும், அதால குளம் கறுப்பு. வானம் நீலமா இருக்கிறதுக்குக் காரணம் காத்து நீலத்தைக் கூடச் சிதறடிக்கிறதுதானே, 450 நானோமீற்றர் நீலம் 850 நானோமீற்றரை விடப் பன்னிரண்டு பதின்மூன்று மடங்கு கூடச் சிதறும், அப்ப ஐஆரில வானத்தில இருந்து வாறதுக்குப் பெரிசா ஒண்டும் இல்லை, அது இருண்டு போகுது, முகில் மட்டும் பஞ்சு மாதிரி நிக்கும்.

இப்பிடியான படங்களை அமெரிக்கப் பௌதிகவியலாளர் றொபேட் வூட் 1910இலயே வெளியிட்டவர், இலை வெள்ளையா வாறதை இண்டைக்கும் வூட் விளைவு எண்டுதான் சொல்லுறது. இரண்டாம் உலகப்போரில பச்சைப் பெயின்ற் அடிச்சு மறைச்ச சாமானையும் உண்மையான மரத்தையும் பிரிச்சுக் காட்டவெண்டே கோடக் ஒரு பிலிம் செய்தது, பெயின்ற் கண்ணுக்குப் பச்சை, பிலிமுக்கு இல்லை. குழை வெட்டி வாகனத்தை மூடினதைக் கண்ட எங்கட ஆக்களுக்கு இதைக் கூட விளங்கப்படுத்தத் தேவையில்லை, வெட்டின குழை வாட வாட அந்த வெள்ளையும் இறங்கும்.

மாமா கனடாவில இருந்து வரேக்க கொண்டந்து தந்த சின்னக் கமரா ஒண்டு அலுமாரிக்குள்ள பத்து வரிசமாக் கிடக்கு. அதை ஐஆர் ஆக்கலாமோ, கெட்டுப்போகுமோ? (வாசகி, விசுவமடு)

ஆக்கலாம் தங்கச்சி, ஆனா திறக்கிறதுக்கு முதல் ரெண்டு வேலை செய்யுங்கோ, ரெண்டுக்கும் ஒரு சதம் செலவில்லை.

முதலாவது ரீவி றிமோட். கமராவைப் போட்டு, றிமோட்டின்ர முன்பக்கத்துச் சின்ன பல்ப்பைக் கமராவுக்கு நேர பிடிச்சு ஒரு பட்டினை அமத்திக்கொண்டு ஸ்கிரீனைப் பாருங்கோ. வெள்ளையாவோ ஊதாவாவோ மினுங்கினா உங்கட கமராவுக்குள்ள ஐஆர் போகுது எண்டு அர்த்தம், நல்லா மினுங்கினா நல்லாப் போகுது, ஒண்டுமே தெரியாட்டி, உள்ளுக்குப் படத்தைப் பிடிக்கிற சென்சருக்கு முன்னால ஐஆரை மறைக்கவெண்டு வைச்சிருக்கிற கண்ணாடி சரியான இறுக்கமாத் தடுக்குது. அது கமரா கூடாது எண்ட கதை இல்லை, அந்தக் கண்ணாடியை எடுத்தாப் பிறகு எல்லாச் சென்சரும் சிலிக்கன்தான், எல்லாம் 1000 நானோமீற்றரைத் தாண்டியும் கொஞ்சம் பாக்கும்.

ரெண்டாவது, பழைய கலர் நெகட்டிவ். உங்கட வீட்டிலயோ பழைய ஸ்டூடியோவிலயோ கழுவின பிலிம் சுருள் இருந்தா அதின்ர தொடக்கத்தில வெளிச்சம் பட்டுக் கன்னங்கறேலெண்டு போன நுனித்துண்டு ஒண்டு இருக்கும். அதைச் சின்னனா வெட்டி ரெண்டு துண்டை ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சு லென்சுக்கு முன்னால ஓரத்தில வெளிச்சம் போகாத மாதிரி ரேப் போட்டு ஒட்டுங்கோ. கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்தை அது மறைக்கும், ஐஆரை விடும். பிளக் அண்ட் வைற் நெகட்டிவ் சரிவராது, அதில வெள்ளி இருக்கு, ரெண்டையும் மறைக்கும். வெல்டிங் கண்ணாடியும் சரிவராது, அது ஐஆரை மறைக்கவெண்டே செய்தது. பிறகு மத்தியான வெயிலில கமராவை ஒரு கதிரையிலயோ மதிலிலயோ அசையாம வைச்சு, செல்ப் ரைமர் போட்டு, வெளிச்சம் எடுக்கிற நேரத்தைச் செக்கன் கணக்கில விட்டு முத்தத்து முருங்கையை ஒருக்கா எடுங்கோ. கலங்கலா, சிவப்பா, துகள் துகளாத்தான் வரும். ஆனா முருங்கை இலை சுவரை விட வெளிச்சமா நிக்கும். அந்தப் படத்தைக் கண்டு உங்களுக்கு ஆசை கூடினாத் திறவுங்கோ, கூடாட்டி அந்தக் கமராவை அப்பிடியே வைச்சிருங்கோ, மாமா தந்தது.

கமராவைக் கழட்டி அந்தக் கண்ணாடியை எடுக்கிறது எப்பிடி எண்டு விபரமாச் சொல்லுங்கோ. நான் போன் திருத்திற கடையில வேலை செய்யிறன், கை பழக்கம் இருக்கு. (வாசகர், மாங்குளம்)

போன் கடைக் கை எண்டா ஆணி, றிபன் வயர் எல்லாம் உங்களுக்குப் பழக்கம், அதுகளைப் பற்றிக் கொஞ்சமாத்தான் சொல்லப்போறன். போனில இல்லாத ஒண்டு இதில இருக்கு, அதைத்தான் முதல் சொல்லவேணும்.

பிளாஷ் இருக்கிற எல்லாக் கமராவுக்குள்ளயும் சின்ன விரல் மொத்தத்தில ஒரு கபாசிற்றர் இருக்கும், அது 300 வோல்ட் அளவில சார்ஜ் பிடிச்சு வைச்சிருக்கும். பற்றரியைக் கழட்டினாப் பிறகும் இருக்கும், நாள்க்கணக்கிலயும் இருக்கும். ஒரு கமராவைக் கழட்டேக்க என்ர பெருவிரல் அதின்ர ரெண்டு காலிலயும் பட்டது, கை முழங்கை வரைக்கும் உதறி கமரா நிலத்தில விழுந்து லென்ஸ் குழாய் நெளிஞ்சு போச்சு, கைக்கு ஒண்டும் ஆகேல்லை ஆனா அண்டைக்கு முழுக்க விரல் விறைச்சபடிதான். அதால திறந்த உடன முதல் வேலை அதைக் கண்டுபிடிக்கிறது, ரெண்டாவது வேலை அதை வெறுமையாக்கிறது. 2000 ஓம் அளவில 5 வாட் ரெசிஸ்டர் ஒண்டின்ர ரெண்டு காலிலயும் நல்லா மூடின வயரைச் சோல்டர் பண்ணி அந்த வயரைக் கபாசிற்றரின்ர ரெண்டு காலிலயும் சில செக்கன் பிடிக்கவேணும், பிடிச்சிட்டு மல்டிமீற்றரால பாத்து வோல்ட் இறங்கினதை உறுதிப்படுத்தவேணும். பழைய குண்டு பல்ப் இருந்தா அதாலயும் செய்யலாம், எல்ஈடி பல்ப்பால ஏலாது. ஸ்குறூ டிரைவரால நேரடியா ஷோர்ட் பண்ணாதேங்கோ, பொறி பறந்து போர்ட்டும் போகும் கண்ணும் போகும். இதைச் செய்யப் பொறுமை இல்லை எண்டா இந்த வேலையைத் தொடவே வேண்டாம், நான் உண்மையாத்தான் சொல்லுறன்.

மற்றது சுகம். பற்றரியையும் மெமரி கார்ட்டையும் எடுத்து, வெள்ளைத் துணி ஒண்டை விரிச்சு, கழட்டிற ஒவ்வொரு ஸ்குறூவையும் கழட்டின ஒழுங்கிலயே ஒரு கடதாசியில ஒட்டி எந்தப் பக்கத்தில இருந்து வந்தது எண்டு எழுதி வையுங்கோ, ஒண்டு நீளம் ஒண்டு கட்டையா இருக்கும், மாறிப் பூட்டினா ஸ்கிரீனுக்குப் பின்னால குத்தும். ஜப்பான் கமராக்களின்ர ஸ்குறூ வெட்டு சாதாரண ஸ்ரார் டிரைவருக்கு அவ்வளவு பொருந்தாது, அமத்திப் பிடிச்சு மெதுவாத் திருப்பாட்டித் தலை தேஞ்சிடும். பின் மூடி, ஸ்கிரீன், பிறகு லென்சுக்குப் பின்னால மூண்டு ஸ்குறூவில நிக்கிற சென்சர். அந்த மூண்டையும் கழட்ட முதல் ஒவ்வொண்டும் எத்தினை சுத்து உள்ளுக்குப் போயிருக்கு எண்டு எண்ணுங்கோ, சில கமராவில சென்சரின்ர சரிவையே அந்த ஸ்குறூவாலதான் சரிப்படுத்தியிருப்பினம்.

சென்சரைத் தூக்கின உடன அதுக்கு மேலயோ லென்ஸ் பக்கத்திலயோ சின்னச் சதுரக் கண்ணாடி ஒண்டு கறுப்பு றப்பர் வளையத்துக்குள்ள இருக்கும். சாமணத்தால ஓரத்தில பிடிச்சு யன்னல் வெளிச்சத்துக்கு நேர பிடிச்சுப் பாருங்கோ, நேர பாக்க ஆழமில்லாத கடல் தண்ணியின்ர நிறம், கொஞ்சம் சரிச்சா மேல சிவப்பு மினுக்கம் ஒண்டு ஓடும். ஒரு நகம் அளவுதான் இருக்கும், இவ்வளவு காலமும் அந்தக் கமரா உலகத்தில பாதியைப் பாக்காம இருந்தது இதாலதான். எறிஞ்சு போடாதேங்கோ, ஒரு சின்னப் பேணியில பஞ்சு வைச்சுப் போட்டு வையுங்கோ, திரும்பப் பூட்ட ஆசை வரும்.

தூசிதான் பெரிய எதிரி. எங்கட செம்மண் தூசி யன்னல் பூட்டினாலும் உள்ளுக்கு வரும், அதால மழை பெய்ஞ்சு முடிஞ்ச நாளாப் பாத்து, பானை நிப்பாட்டிட்டு, நிலத்தை ஈரத்துணியால துடைச்சிட்டு இருங்கோ. வாயால ஊதாதேங்கோ, துப்பல் படும், றப்பர் ஊதியால ஊதுங்கோ.

நான் கண்ணாடியைக் கழட்டிட்டுத் திருப்பிப் பூட்டினன், கிட்ட இருக்கிற சாமான் தெளிவா வருது, தூரத்து மரம் எல்லாம் கலங்குது. சென்சர் போட்டுதோ? (வாசகர், மல்லாவி)

சென்சர் நல்லா இருக்கு, பயப்பிடாதேங்கோ. எனக்கும் முதல் கமராவில இதுதான் நடந்தது, ஒரு கிழமை லென்சைத்தான் பழுது எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சனான்.

கண்ணாடி ஒண்டுக்குள்ளால வெளிச்சம் போகேக்க குவியிற இடம் பின்னுக்குத் தள்ளுப்படும், தடிப்பின்ர மூண்டில ஒரு பங்கு அளவுக்கு. அதாவது 1 மில்லிமீற்றர் கண்ணாடி எண்டா 0.33 மில்லிமீற்றர். கமராவைச் செய்தவை அதையும் கணக்குப் பாத்துத்தான் சென்சரை வைச்சிருக்கினம். நீங்கள் எடுத்த உடன குவியிற இடம் முன்னுக்கு வந்திட்டுது, சென்சர் அதே இடத்தில நிக்குது, லென்ஸ் எவ்வளவுதான் பின்னுக்குப் போனாலும் தூரத்தைப் பிடிக்க ஏலாது, கிட்டத்துச் சாமானை மட்டும் பிடிக்கும். நாலைஞ்சு தலைமுடி சேத்த மொத்தமே இருக்கிற அந்த 0.33 தான் உங்கட தூரத்து மரத்தையெல்லாம் கொண்டுபோட்டுது.

எடுத்த கண்ணாடியின்ர தடிப்பை வேர்னியரால அளந்து அதே தடிப்பில வேற கண்ணாடி போடவேணும். மைக்ரோஸ்கோப் ஸ்லைட் 1 மில்லிமீற்றர் அளவில வரும், உங்கட துண்டும் அந்தத் தடிப்பு எண்டா அது காணும், பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்குச் சாமான் விக்கிற கடையில கேளுங்கோ. கண்ணாடி வெட்டிற ஆளிட்டக் குடுத்து பழைய துண்டை வைச்சு அளவெடுத்து வெட்டி, ஓரத்தை ஈரமான மெல்லிய எமரியில தேய்ச்சு, கழுவிக் காயவிட்டுப் போடுங்கோ. வெறும் கண்ணாடி போட்டா கமரா எல்லா வெளிச்சத்தையும் பாக்கும், அப்ப லென்சுக்கு முன்னால ஐஆரை மட்டும் விடுற ஐஆர் பில்டர் வைக்கவேணும். ஐஆர் பில்டரையே வெட்டி உள்ளுக்குப் போட்டா முன்னால ஒண்டும் தேவையில்லை, ஆனா பிறகு அந்தக் கமரா ஐஆருக்கு மட்டும்தான். எனக்கு முதலாவதுதான் பிடிப்பு, நெகட்டிவ் துண்டையே பில்டரா வைச்சுத் தொடங்கலாம், காசு வந்தா ஹோயா ஆர்72 மாதிரி 720 நானோமீற்றர் பில்டர் ஒண்டு வாங்கலாம்.

எடுக்கிற படம் எல்லாம் இரத்தச் சிவப்பா வருது. (வாசகர், அக்கராயன்)

வைற் பலன்ஸ், எது வெள்ளை எண்டு கமராவுக்குச் சொல்லுற வசதி, அதுதான் பிழை. அதில கஸ்ரம் எண்டு இருக்கிறதுக்குப் போய் வெயில் படுற பச்சைப் புல்லைத் திரை முழுக்க நிரப்பி எடுத்து அதைக் கணக்கா வைக்கச் சொல்லுங்கோ, அவ்வளவும்தான். புல்லு வெள்ளையாகும், வானம் மண்ணிறமா வரும். வானம் நீலமா வேணும் எண்டா கொம்பியூட்டரில சிவப்பு சனலையும் நீல சனலையும் ஒண்டுக்கொண்டு மாத்திவிடுங்கோ. 850 பில்டர் எண்டா நிறமே இருக்காது, பிளக் அண்ட் வைற்தான், எனக்கு அதுதான் கூடப் பிடிக்கும்.

என்ர மகன் உதைச் செய்யப்போறன் எண்டு நிக்கிறான். உந்தக் கமராவால உடுப்புக்குள்ளால தெரியும் எண்டு சனம் கதைக்குது, உண்மையோ? வீட்டில பொம்பிளைப் பிள்ளைகள் இருக்கு. (ஒரு தாய், புதுக்குடியிருப்பு)

அக்கா, கேட்டது நல்லது, மறைக்காமச் சொல்லுறன். கதையில கொஞ்சம் உண்மை இருக்கு. 1998இல சோனி வீடியோ கமரா சிலதில இருட்டில எடுக்கவெண்டு வைச்ச நைற்ஷொட் வசதியைப் பகலில பில்டர் போட்டுப் பாவிச்சா சில மெல்லிய உடுப்புக்குள்ளால கொஞ்சம் தெரியுது எண்டு பிரச்சினை வந்து, கொம்பனி அதைப் பகலில வேலை செய்யாத மாதிரி மாத்தினது. எல்லா உடுப்புக்கும் அப்பிடி இல்லை, தடிச்ச துணிக்குப் பெரும்பாலும் ஒண்டும் நடக்காது, உடம்போட ஒட்டின மெல்லிய துணியில, முக்கியமாச் சிந்தெற்றிக்கிலதான் அந்தச் சிக்கல். கறுப்பு சிந்தெற்றிக் உடுப்பு சாம்பலாவோ ஊதாவாவோ வரும், அது நிறம் மாறுறது மட்டும்தான்.

மகனுக்கு ஒரு சட்டம் வையுங்கோ, கேக்காம ஒருத்தரையும் இந்தக் கமராவால எடுக்கிறேல்லை, கோயில் திருவிழாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டு போறேல்லை. மரம், குளம், வயல், முகில், இடிஞ்ச சுவர், இதுகளே அவனுக்குக் காணும். சம்மதிச்சு இருக்கிற ஆளை எடுத்தா தோல் பால் மாதிரி வரும், கண் கறுத்து ஆழமாத் தெரியும், கையில நரம்பு ஓடுறதும் தெரியும். எங்கட அம்மம்மாவின்ர கையை அப்பிடி ஒருக்கா அவவைக் கேட்டு எடுத்தனான், அந்தப் படம் இண்டைக்கும் வீட்டுச் சுவரில இருக்கு.

நெல்லுக்கு நோய் வாறதை முதலே இந்தக் கமரா காட்டும் எண்டு ஒருத்தர் சொன்னார். 3 ஏக்கர் செய்யிறன், கபிலநிறத் தத்திப் பூச்சி ரெண்டு தரம் அழிச்சுப்போட்டுது. (விவசாயி, முத்தையன்கட்டு)

ஐயா, அடிப்படை உண்மைதான், ஆனா ஒரு கமராவை வாங்கி மாத்தினாக் காணும் எண்டு சொன்னா உங்களை நான் ஏமாத்தினவனாவன்.

நல்ல பயிர் சிவப்பு வெளிச்சத்தை உறிஞ்சும், ஐஆரைத் திருப்பி எறியும். பயிர் வாட, இலைக்குள்ள கலங்கள் சுருங்க, ஐஆர் குறையும், சிவப்புக் கூடும். இந்த ரெண்டையும் வைச்சு ஒரு கணக்கு இருக்கு, ஐஆரில இருந்து சிவப்பைக் கழிச்சு வாறதை ரெண்டின்ர கூட்டுத்தொகையால பிரிக்கிறது, என்டிவிஐ எண்டு சொல்லுவினம். அது மைனஸ் 1இல இருந்து 1 வரைக்கும் வரும், அடர்த்தியான பச்சை வயல் மேல நிக்கும், வெறும் மண் பூச்சியத்துக்குக் கிட்ட, தண்ணி அதுக்கும் கீழ. 1972இல லான்ட்சற் 1 வானத்துக்குப் போன காலத்தில இருந்து இந்தக் கணக்கைத்தான் பாவிக்கினம். பாத்தீங்களெண்டா இதுக்கு ரெண்டு வெளிச்சமும் வேணும், வெறும் ஐஆர் படம் ஒண்டில வயலின்ர ஒரு மூலை கறுப்பா நிண்டா அது தத்தியாவும் இருக்கலாம், பயிர் ஐதா இருந்து கீழ தண்ணி தெரியிறதாவும் இருக்கலாம், மர நிழலாவும் இருக்கலாம். கமரா என்ன நோய் எண்டு சொல்லாது, எங்க போய்ப் பாக்கவேணும் எண்டு மட்டும்தான் சொல்லும்.

தத்தி அடிவேரோட தண்டில இருந்து உறிஞ்சிறது, இலை வாடித் தெரியிற நேரம் அது பெருகியிருக்கும். அதால அதுக்குக் கமராவை நம்பாதேங்கோ, வரம்பில இறங்கி நாலைஞ்சு இடத்தில பயிரை விலக்கி அடியைப் பாக்கிறதுதான் இண்டைக்கும் நல்ல வழி. உங்கட வயலின்ர மொத்தப் போக்கைப் பாக்க வேணுமெண்டா ஐரோப்பாவின்ர சென்ரினல் 2 சற்றலைற் படங்கள் இலவசம், ஒரு புள்ளி 10 மீற்றருக்கு 10 மீற்றர், அப்ப ஒரு ஏக்கருக்கு நாப்பது புள்ளி அளவில வரும், உங்கட 3 ஏக்கருக்கு அது காணும். முகில் மூடினா ஒண்டும் தெரியாது, காலபோகத்தில மார்கழி மாதம் முழுக்க அந்தக் கரைச்சல் இருக்கும், சிறுபோகத்துக்கு நல்லா உதவும். வீட்டில படிக்கிற பிள்ளை இருந்தா ஒரு பின்னேரம் இருந்து பாக்கச் சொல்லுங்கோ.

மாத்தின கமரா உங்களுக்கு உதவிற இடம் வேற, ஒரே மேட்டில நிண்டு ஒரே நேரத்தில கிழமைக்கு ஒருக்கா ஒரு படம் எடுத்து வையுங்கோ, தண்ணி சரியாப் போகாத வரவை எது எண்டு ஒரு போகத்துக்குள்ள பிடிபடும்.

இரவில யானை வாறதைப் பாக்க இதைப் பாவிக்கலாமோ? சூட்டைக் காட்டும் எண்டு கேள்விப்பட்டன். (வாசகர், நெடுங்கேணி)

சூட்டைக் காட்டாது. உடம்புச் சூட்டைப் பாக்கிறது தேர்மல் கமரா, அது 8 தொடக்கம் 14 மைக்றோமீற்றர் அலைநீளம், எங்கட சிலிக்கன் சென்சர் 1.1 ஓட நிண்டிடும். முழு இருட்டில மாத்தின கமராவுக்கும் இருட்டுத்தான், வெளிச்சம் நீங்கள்தான் குடுக்கவேணும், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். 850 நானோமீற்றர் எல்ஈடி எண்டா கிட்ட நிண்டு பாத்தா மங்கலாச் சிவப்புத் தெரியும், 940 எண்டா தெரியாது, ஆனா சென்சருக்கும் அது குறைவாத்தான் தெரியும். தூரம் ரெண்டு மடங்காக வெளிச்சம் நாலில ஒண்டாகும், 10 மீற்றரில நல்லாத் தெரிஞ்சது 40 மீற்றரில பதினாறில ஒரு பங்கு. யானைக்கு அந்தத் தூரம் காணாது.

உங்களுக்குச் சிசிரிவி கமராதான் சரி, அதுக்குள்ள இந்த வேலை எல்லாம் செய்தே இருக்கு. பின்னேரம் இருளேக்க அதுக்குக் கிட்ட நிண்டா டக் எண்டு ஒரு சத்தம் கேக்கும், அது அந்த ஐஆர் மறைக்கிற கண்ணாடி தானா விலகிற சத்தம், விடியத் திரும்ப டக் எண்டு மூடும். அதை உயரத்தில பூட்டி ஸ்கிரீனை வீட்டுக்குள்ள வையுங்கோ. யானையைப் படமெடுக்க வெளியில இறங்கிறதை நினைக்கவே வேண்டாம்.

ஸ்டூடியோவில பழைய நிக்கொன் டி70 உம் கனொன் 350டி உம் சும்மா கிடக்கு. எதை மாத்தலாம்? (ஸ்டூடியோக்காரர், வவுனியா)

டி70ஐ எடுங்கோ. 2004இல வந்தது, 6 மெகாபிக்சல்தான், ஆனா அதின்ர உள் கண்ணாடி ஐஆரை அவ்வளவு இறுக்கமாத் தடுக்கிறேல்லை, அதால கழட்டாமலே முன்னால 720 பில்டர் போட்டு ஸ்ராண்டில வைச்சு எடுத்துப் பழகலாம். மாத்தினாப் பிறகு ஸ்ராண்ட் தேவையில்லை, வெயிலில சாதாரணப் படம் மாதிரிக் கையில பிடிச்சே எடுக்கலாம்.

இந்த மாதிரி லென்ஸ் மாத்திற எஸ்எல்ஆர் கமராவில ரெண்டு விசயம் கவனிக்கவேணும். முன்னால பில்டர் போட்டா வியூபைண்டரில ஒண்டும் தெரியாது, பில்டர் இல்லாமப் பாத்து வைச்சிட்டுப் பிறகு போடவேணும். மற்றது போகஸ், அது வேற சென்சரால கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்தில பிடிக்கிறது, ஐஆர் குவியிற இடம் கொஞ்சம் விலகி இருக்கும். உங்களிட்டப் பழைய மனுவல் லென்ஸ் இருந்தா தூரக் கோட்டுக்குப் பக்கத்தில சிவப்பில ஒரு புள்ளியோ கோடோ இருக்கும், ஏன் எண்டு யோசிச்சிருப்பீங்கள், அது இதுக்குத்தான், போகஸ் பிடிச்ச தூரத்தைத் திருப்பி அந்தச் சிவப்புக்கு நேர வைக்கிறது. இல்லாட்டி லென்ஸ் துவாரத்தை எப்8 இல வைச்சு எடுங்கோ, பெரும்பாலும் சரியாகும்.

சில லென்சில படத்தின்ர நடுவில வெள்ளைப் பொட்டு ஒண்டு விழும், லென்சுக்குள்ள ஐஆர் பட்டுத் தெறிக்கிறது. கனொன் 50 எம்எம் எப்1.8 இதுக்குப் பேர் போனது. துவாரத்தைச் சின்னனாக்கச் சின்னனாக்க அது கூடும், அதால எப்11, எப்16க்குப் போகாதேங்கோ. உங்களிட்ட இருக்கிற லென்சையெல்லாம் வெளியில கொண்டு போய் வெறும் வானத்தை ஒருக்கா எடுத்துப் பாத்தா எது நல்லது எண்டு பத்து நிமிசத்தில தெரிஞ்சிடும்.

கிரகணத்துக்கு இந்தக் கறுப்புப் பில்டருக்குள்ளால சூரியனைப் பாக்கலாமோ? (மாணவி, முள்ளியவளை)

வேண்டாம் பிள்ளை, ஒருநாளும் வேண்டாம். கண்ணுக்குக் கறுப்பாத் தெரியிறதால கண்மணி விரியும், ஐஆர் முழுக்க உள்ளுக்குப் போய் விழித்திரையைச் சுடும், அதில நோ தெரியாது. நெகட்டிவ் துண்டும் அப்பிடித்தான்.

வன்னியில எங்க, எப்ப எடுத்தா நல்லது? (வாசகர்கள் பலர்)

எப்ப எண்டா உச்சி வெயில். மற்றப் படக்காரர் எல்லாம் கமராவை மூடி வைக்கிற பத்தில இருந்து மூண்டு மணிதான் இதுக்கு நேரம், வெயில் எவ்வளவு கூடவோ அவ்வளவு நல்லம். மாதம் எண்டா தை. மழை விட்டு, குளம் நிரம்பி, இலை கழுவி, முகில் துண்டு துண்டா நிக்கிற அந்த ரெண்டு மூண்டு கிழமையை விடாதேங்கோ. ஆவணி புரட்டாதியில தூசி எழும்பி நிக்கும், ஐஆர் புகாரைக் கிழிக்கும் எண்டு சொல்லுறது மெல்லிய நீலப் புகாருக்குத்தான், எங்கட செம்மண் தூசிக்கு அது எடுபடாது.

இரணமடுவில கட்டுக்கு மேல நிண்டு சூரியனை முதுகுப் பக்கம் வைச்சுப் பாத்தா தண்ணி மை மாதிரி. ஆனா எனக்குப் பெரிய குளத்தை விடப் பேரில்லாத சின்னக் குளங்கள்தான் பிடிப்பு, தாமரை மூடின குளம் ஒண்டைப் பிடியுங்கோ. கறுப்புத் தண்ணியில ஒவ்வொரு இலையும் வெள்ளைத் தட்டு மாதிரித் தனித்தனியா மிதக்கும், இலைக்கு மேல தண்ணித்துளி நிக்கும், ஒருக்கா நான் குந்தி இருந்து அந்தத் துளியையே அரை மணித்தியாலம் எடுத்தனான். வயல் நடுவில தனிய நிக்கிற பனையும் நல்லம், ஓலை வெள்ளி, மரம் சாம்பல். நந்திக்கடல் கரையில கண்டல் பத்தையும் அப்பிடித்தான், ஆனா அங்க நான் கமராவை எடுக்க முதல் கொஞ்ச நேரம் சும்மா நிக்கிறனான். கூரை போய்ச் சுவர் மட்டும் நிக்கிற வீட்டுக்குள்ள ஆலங்கண்டு முளைச்சு நிக்கிறதை எடுத்தா சுவர் இருண்டு கண்டு மட்டும் வெள்ளையாத் தெரியும். அந்த வீட்டுக்காரர் இருக்கினமோ எண்டு அக்கம்பக்கத்தில கேட்டு, சம்மதம் எடுத்திட்டு எடுங்கோ.

பாலை மரம் ஒண்டை மறக்காம எடுங்கோ, அதின்ர தடிச்ச இலை மினுங்கிறது வேற மாதிரி, வேப்பிலைக்குப் பக்கத்தில வைச்சுப் பாத்தா வித்தியாசம் தெரியும்.

காட்டோரம் போகேக்க மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகையையோ மஞ்சள் நாடாவையோ கண்டா அதுக்கு அங்கால ஒரு காலடியும் வேண்டாம், பலகை விழுந்து கிடந்தாலும் வேண்டாம், ஊர் ஆக்கள் நடக்கிற தடத்தில மட்டும் நடவுங்கோ. முகாம் இருக்கிற பக்கம் கமராவைத் திருப்பாதேங்கோ.

எடுத்த படத்தில இலை வெள்ளையா வராம மங்கலாக் கிடந்தா படத்தோட மூண்டு விபரம் எழுதி அனுப்புங்கோ: கமரா என்ன, பில்டருக்கு என்ன பாவிச்சனீங்கள், எத்தினை மணிக்கு எடுத்தனீங்கள். அடுத்த இதழில அந்தப் படங்களை வைச்சே பதில் எழுதிறன்.